குளச்சல்ல எங்க போட்டு டெக்குக்கு வழுக்காத பெயிண்டு அடிச்சோம், நாலு மாசம் கழிச்சு எப்படி இருக்கு

எங்களுக்கு குளச்சல்ல ஒரு விசைப்படகு இருக்கு, மர போட்டுதான், மேல பைபர் ஒட்டினது. இந்த மீன்பிடி தடைக்காலத்துல டெக் (மேல்தளம்) முழுக்க வழுக்காத பெயிண்டு அடிச்சு ஆகஸ்ட் 1ல இருந்து தொழிலுக்கு போயிட்டு வருது, நாலு மாசம் ஆச்சு. துறையில நெறைய பேரு எப்படி இருக்கு எப்படி இருக்குன்னு கேக்காவ, ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு இங்க எழுதிடுறேன். பெயிண்டு நல்லா இருக்கு, தாராளமா அடிக்கலாம், ஆனா அடிக்கிற ஆளு சரியா அமையணும், பாதிக்கு மேல வேலை டப்பாவை தொறக்குறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருது.

போன வருஷம் ஐஸ் ஸ்டோர் மூடிக்கு பக்கத்துல எங்க தொழிலாளி ஒருத்தர் மீன் பாக்ஸோட வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடஞ்சு போச்சு. ரெண்டு மாசம் அவரு தொழிலுக்கு போகல, அந்த வீட்டு நெலமைய நேர்ல பாத்தேன், மனசே கேக்கல. கணவாய் சீசன்ல டெக் எப்படி இருக்கும்னு போறவங்களுக்கு தெரியும், மையும் கொழகொழப்பும் சேந்து சோப்பு தேச்ச மாதிரி கெடக்கும், அதுல வலை இழுக்குற வின்ச்சு பக்கத்துல இருந்து ஒரு சொட்டு டீசலும் கலந்தா வெறுங்காலோட நிக்கவே முடியாது. இத்தனைக்கும் அதுக்கு முந்தின தடைக்காலத்துலதான் வேற ஒரு டீம வச்சு எனாமல் பெயிண்டுல கடற்கரை மணலை கலந்து அடிச்சிருந்தோம். மழை பெஞ்ச மறுநாள் ஈரம் காயாமலே அடிச்சிட்டு போயிட்டாங்க, மூணு மாசத்துல கொப்புளம் கொப்புளமா வந்து பப்படம் மாதிரி உரிஞ்சு வந்துச்சு. தயவு செஞ்சு யாரும் கடற்கரை மணலை போடாதீங்க, எத்தனை தடவை கழுவினாலும் உப்பு கொஞ்சம் நிக்கும், அந்த உப்பு பெயிண்டுக்கு அடியில ஈரத்தை இழுக்கும், கொப்புளம் வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம்.

நம்ம பக்கத்து போட்டுக்கு இன்னொரு கஷ்டம் இருக்கு. கன்னியாகுமரி பக்கம் கிழக்கு கரையில சேர்ற சின்னமுட்டத்துக்காரங்களுக்கு தடை ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், வெயில் காலம், நல்லா காய வச்சு அடிச்சிருவாங்க. நமக்கு மேற்கு கரைங்கிறதால ஜூன் 1ல இருந்து ஜூலை 31, சரியா எடவப்பாதி மழையில, அதாவது தென்மேற்கு பருவமழையில மாட்டிக்கிடும். அதனால இந்த தடவை வந்த பெயிண்டர் அண்ணன் மொதல்ல பெயிண்டை பத்தி ஒண்ணுமே பேசல, தார்ப்பாய் எத்தனை இருக்குன்னுதான் கேட்டாரு. டெக்குக்கு மேல கூடாரம் மாதிரி கட்டினாங்க. பழைய பெயிண்டை சொரண்டி எடுத்து சோப்பு தண்ணி போட்டு ரெண்டு தடவை தேச்சு நல்ல தண்ணியில கழுவினாங்க. மொதல்லயே சாண்ட் பேப்பர் போட்டா என்னன்னு கேட்டேன், "மீன் எண்ணெயும் டீசலும் போகாம தேச்சா அந்த எண்ணெய் கீறலுக்குள்ள போயிரும் மக்ளே, அப்புறம் எந்த பெயிண்டும் புடிக்காது"ன்னாரு. கழுவின எடத்துல ஒரு கப்பு தண்ணிய ஊத்தி காட்டினாரு, தண்ணி ஒரே படலமா பரவினா சுத்தம், முத்து முத்தா உருண்டு நின்னா எண்ணெய் இன்னும் இருக்கு. வின்ச்சுக்கு அடியில மூணாவது தடவை கழுவினதுக்கு அப்புறம்தான் தண்ணி பரவுச்சு. அப்புறம் 80 நம்பர் சாண்ட் பேப்பர், தூசி போக தின்னர்ல தொடச்சாங்க. ராத்திரி ஒரு பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு டெக்குல ஒட்டி வச்சிட்டு காலைல தூக்கி பாத்தாரு, அடியில வேர்த்திருந்துச்சு. இன்னைக்கு வேண்டாம்னுட்டாரு. அப்படியே ரெண்டு நாள் போச்சு, எனக்கு தேதி நெருங்குதேன்னு பதட்டம், அவரு அசையல. அந்த ரெண்டு நாளுக்கு அவருக்கு நான் நன்றி சொல்லணும்.

அடிச்சது ரெண்டு டப்பா கலக்குற எபாக்ஸி ப்ரைமர், அதுக்கு மேல அதே மாதிரி ரெண்டு டப்பா கலக்குற பாலியூரித்தேன் பெயிண்டு, ஒரு டப்பா பெயிண்டு, இன்னொண்ணு அத இறுக வைக்கிற ஹார்டனர். மணலை பெயிண்டுக்குள்ள கலக்கல. கலந்தா அடியில போய் தங்கிடும், கிண்டிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா ஒரு எடத்துல சொரசொரப்பும் இன்னொரு எடத்துல வழவழப்புமா வரும். அதனால மொத கோட்டு ஈரமா இருக்கும்போதே காஞ்ச சிலிக்கா மணலை வீட்டுல மாவு சலிக்கிற அரிப்புல போட்டு மேல இருந்து தூவினாங்க, பெயிண்டு கண்ணுக்கே தெரியாத அளவுக்கு, புட்டுக்கு தேங்கா பூ போட்ட மாதிரி. மறுநாள் ஒட்டாத மணலை தூத்து எடுத்துட்டு மேல ரெண்டாவது கோட்டு. வேலை காலைல பத்துல இருந்து மூணு மணிக்குள்ளதான், சாயங்கால ஈரக்காத்து ஈரமா இருக்குற பாலியூரித்தேன் மேல பட்டா குமிழி வரும், பளபளப்பும் போயிரும். ஓரத்துல ஒட்டின டேப்பையும் பெயிண்டு காயுறதுக்கு முன்னாடியே உரிச்சிட்டாங்க, காஞ்ச பெறவு இழுத்தா ஓரம் பிஞ்சு வரும். எல்லாரும் பில்டர் வச்ச மாஸ்க் போட்டிருந்தாங்க, இத கட்டாயம் கவனிங்க, ஹார்டனர்ல இருக்குற ஐசோசயனேட் மூச்சுக்குள்ள போனா ஆஸ்துமா மாதிரி இழுப்பு வந்திரும்.

மணல் விஷயத்துல நாங்க செஞ்ச ஒண்ணு ரொம்ப நல்லதா போச்சு. வின்ச்சு பக்கமும் ரெண்டு ஓர நடைபாதையும் கொஞ்சம் பருமணல், மீன் தரம் பிரிக்க உக்காருற எடத்துல நல்ல பொடிமணல். எல்லா எடத்துலயும் பருமணல் போட்டா முட்டி தேஞ்சு போகும், வலையும் கிழியும். கலர் வெளிர் சாம்பல், கரும்பச்சை அடிச்ச பக்கத்து போட்டுல மத்தியானம் வெறுங்கால் வைக்க முடியல.

கொறைன்னா, கழுவுறது கஷ்டம். செதிலும் ரத்தமும் மணலுக்கு எடையில போய் ஒட்டிக்கிடும், மொத மாதிரி ஒரு வாளி தண்ணிய ஊத்தி விட்டா போகாது, கட்டியான பிரஷ் போட்டு ஒவ்வொரு தடவையும் தேய்க்கணும், தொழிலாளிங்க முணுமுணுக்காவ, அதுவும் நியாயம்தான். தண்ணி வெளிய போற ஓட்டையை சுத்தி நாலு விரல் அகலம் மணல் இல்லாம விட்டிருக்கணும், அத மறந்துட்டாங்க, அந்த மூலையில தண்ணி தேங்குது. செலவும் சாதா எனாமலோட பாத்தா நல்ல அதிகம். பெயிண்டர் அண்ணன் சொன்ன நாளைவிட நாலு நாள் லேட்டு, மழை நேரத்துல அத நான் குத்தமா சொல்ல மாட்டேன்.

இந்த நாலு மாசத்துல யாரும் வழுக்கி விழல. கை ஒடஞ்ச அந்த அண்ணன் திரும்ப எங்க போட்டுக்கே வந்துட்டாரு, மொத நாள் ஏறினதும் ஸ்டோர் மூடி பக்கத்துல நின்னு காலை ரெண்டு தடவை தேச்சு பாத்தாரு, ஒண்ணும் சொல்லல, போய் வேலைய பாத்தாரு. வின்ச்சுக்கு அடியில மட்டும் சங்கிலி விழுந்து கையளவு பேந்திருக்கு. மிச்ச பெயிண்டும் ஹார்டனரும் தனித்தனியா இறுக்கி மூடி வச்சிருக்கேன், கிறிஸ்மஸுக்கு போட்டு கரையில நிக்கும்போது அந்த எடத்தை தேச்சு அடிச்சிடணும், அப்பவே அந்த ஓட்டை மூலையையும் சரி பண்ணணும்.