நாஸின் ‘இல்மேட்டிக்’ இசைத்தட்டு: சந்தம் பழகிய காதுக்கு

ராப் பாட்டில் கவிதை உண்டா என்று கேட்பவர்களோடு நான் வாதம் செய்வதில்லை. ‘இல்மேட்டிக்’கைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். நியூயார்க்கைச் சேர்ந்த நாஸ் 1994 ஏப்ரல் 19 அன்று வெளியிட்ட முதல் ஆல்பம் அது. அப்போது அவருக்கு 20 வயது. முன்னுரை போல வரும் சின்னத் துண்டையும் சேர்த்து மொத்தம் 10 தடங்கள், எல்லாம் 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தொண்ணூறுகளின் ராப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இப்போது புது அச்சில் இசைத்தட்டாகவே வாங்கிவிட்டதால், வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில், நான் இருக்கும் டர்பனில், பழைய தட்டும் புதுத் தட்டும் விற்கிற ஒரு சின்னக் கடையில் சொல்லி வைத்து வரவழைத்தேன். 500 ராண்டுக்குக் கொஞ்சம் மேல் ஆனது. முதலில் வந்த பிரதியின் அட்டை வழியிலேயே ஒரு மூலையில் நசுங்கியிருந்தது. கடைக்காரர் மறுபேச்சு பேசாமல் வேறு கொடுத்தார். தட்டில் ஒரு குறையும் இல்லை. பேஸ் நன்றாக இறங்குகிறது, குரல் முன்னால் வந்து நிற்கிறது, ஊசி வைத்ததும் கரகரப்பு எதுவும் இல்லை.

அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தே ஆகவேண்டும். நாஸ் சிறு பையனாக இருந்தபோது எடுத்த முகப்படம். அந்த முகத்தின் மேலேயே அவர் வளர்ந்த க்வீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பின் தெருவும் செங்கல் கட்டடங்களும் படிந்திருக்கின்றன. க்வீன்ஸ்பிரிட்ஜ் என்பது 96 கட்டடங்கள் கொண்ட அரசுக் குடியிருப்பு. வட அமெரிக்காவிலேயே பெரியது. குழந்தை முகத்துக்குள் தெரு புகுந்துவிட்டது என்று அந்தப் படம் சொல்வதைத்தான் பாட்டுகளும் சொல்கின்றன. கைபேசித் திரையில் கட்டைவிரல் அளவில் பார்க்கும்போது இது புரியாது. தட்டாக வாங்குவதற்கு அட்டை ஒன்றே போதுமான காரணம்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வர்த்துக்கு வந்தவள். சனிக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன், காவடி சமயத்தில் திருப்புகழ் பாடுகிற குழுவிலும் இருக்கிறேன். இந்த ஆல்பத்தை எனக்குக் கொடுத்தது என் கொழுந்தனார். டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் யாரிடமிருந்தோ பதிவுசெய்து வாங்கிய டேப்பை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். அவருக்குத் தமிழ் முழுக்க ஆயாவிடம் (பாட்டியிடம்) கேட்டுக் கற்றது. ஒருநாள், “அண்ணி, இதைக் கேளுங்க. இது உங்க திருப்புகழ் மாதிரி ஓடும்” என்றார். அவர் சொன்னது சரியா என்று பார்ப்பதற்காகத்தான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

திருப்புகழுக்குச் சந்தம் முதலிலேயே வகுத்தாகிவிடும். தத்த, தந்த, தன்ன, தானா என்று ஒரு வாய்பாடு இருக்கும். அடிக்கு அடி அந்த ஓசை பிசகாது, கடைசியில் தொங்கல் வந்து மூச்சு விட இடம் கொடுக்கும். பாடுகிறவர் அந்த ஒழுங்கில்தான் ஏறி இறங்குவார். நாஸின் ‘என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்’ பாட்டை அதேபோலப் பிரித்து எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு ஆள் பிடிபட்டார். முதல் வரியில் உள்ளுக்குள்ளேயே இரண்டு இடத்தில் ஒரே ஓசைக் கூட்டம் மோதுகிறது. இரண்டாம் வரியில் வேறு ஒரு ஓசை விடாமல் அடுத்தடுத்து வருகிறது. அந்த அடுக்கின் கடைசிச் சொல்லில் இயைபு நிறைந்துவிட்டது, தாளமும் முடிந்துவிட்டது. ஆனால் வாக்கியம் முடியவில்லை! மிச்சம் இருக்கிற ஒரு சொல் அடுத்த வரியின் தலையில் போய் விழுகிறது. அந்தச் சொல்லிலிருந்தே புது இயைபு ஒன்று தொடங்குகிறது. கேட்கிறவருக்கு மூச்சு விட இடமே கிடைக்காது. நிறுத்தம் எங்கே வரும் என்று காது எதிர்பார்க்கிறதோ அங்கே நிறுத்தாமல், எதிர்பாராத இடத்தில் நிறுத்துகிறார்.

இதற்குக் கீழே டிஜே பிரீமியர் போட்டிருக்கிற இசை ஒரு சின்னப் பியானோத் துண்டு. ஜோ சேம்பர்ஸ் என்ற ஜாஸ் கலைஞரின் பதிவிலிருந்து வெட்டி எடுத்தது. இருண்ட இரண்டு மூன்று சுரங்கள்தான், பாட்டு முழுக்க அதுவே சுற்றிச் சுற்றி வருகிறது. திருப்புகழில் சொல்லின் ஓசை மாறாமல் நிற்கும், பாடுகிறவர் ராகத்தை மாற்றிக்கொள்ளலாம். இங்கே நேர்மாறு. இசை அசையாமல் நிற்கிறது, சொல்லின் சந்தம் வரிக்கு வரி உருமாறுகிறது. ஆக, கொழுந்தனார் சொன்னதில் பாதிதான் சரி. ஓட்டம் ஒன்றுதான், ஒழுங்கு வேறு. அவரிடம் இதைச் சொன்னபோது, “அப்போ நல்லா இருக்குன்னு சொல்றீங்களா, இல்லையா?” என்று கேட்டார். “ரொம்ப நல்லா இருக்கு தம்பி” என்றேன்.

அந்தப் பாட்டின் தொடக்கத்தில், எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை என்று நாஸ் முணுமுணுப்பது கேட்கும். அடுத்த நொடி கொட்டத் தொடங்குகிறார். அந்த முதல் பகுதியை ஒரே மூச்சில் பதிவு செய்தார் என்று பிரீமியரே சொல்லியிருக்கிறார். கதை ஒரு துப்பாக்கிச் சண்டை. நடுவில் துப்பாக்கி சிக்கிக்கொள்கிறது, கதை சொல்கிறவன் ஓடிப்போய் ஒரு கட்டடத்தின் முன்கூடத்துக்குள் நுழைகிறான். கூடம் நிறையக் குழந்தைகள். அவன் உயரத்துக்கு அண்ணாந்து பார்க்கக்கூட முடியாத குழந்தைகள். அந்த ஒரு விவரம் வந்ததும் பாட்டின் நிறமே மாறிப்போகிறது. அதுவரை வீரம் பேசிக்கொண்டிருந்த குரலுக்கு, தான் எங்கே ஓடி வந்து நிற்கிறோம் என்று தெரிந்துவிடுகிறது. அதற்கு மேல் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். 20 வயதில் இந்த அடக்கம் எப்படி வந்தது என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

சாட்ஸ்வர்த்தும் அரசு வரைந்த கோட்டுக்குள் எழும்பிய ஊர்தான். இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடிவைத்த குழுப் பகுதிச் சட்டத்தின் பேரில் 1960-களில் இந்தியர்களைப் பல இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே குடிவைத்தார்கள். பேவியூ, வெஸ்ட்கிளிஃப் பக்கம் கவுன்சில் ஃப்ளாட்களின் மாடிப்படியில் பையன்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு, நாஸ் சொல்லும் பெஞ்சும் படிக்கட்டும் அந்நியமாக இருக்காது. இன்னொன்றும் உண்டு. இந்த ஆல்பம் வந்த அடுத்த வாரம்தான் தென்னாப்பிரிக்காவில் எல்லோரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தல். கேப் டவுனில் ‘ப்ராஃபெட்ஸ் ஆஃப் டா சிட்டி’ குழு அதற்கு முன்பே இந்த நாட்டு மொழியில், இந்த நாட்டுக் கோபத்தோடு ராப் பாடிக்கொண்டிருந்தது. மண்டேலா பதவியேற்ற விழாவிலும் அவர்கள் பாடினார்கள். அவர்களுடைய 1993 ஆல்பமான ‘ஏஜ் ஆஃப் ட்ரூத்’தையும் நான் மதிக்கிறேன். அது ஊரைக் கூட்டிப் பேசுகிற குரல். நாஸ் ஜன்னலோரம் நின்று பார்த்ததைச் சொல்கிறவர். எனக்கு இரண்டாவது வகையிடம்தான் மனம் போகிறது.

சரி, மற்ற பாட்டுகளுக்கு வருகிறேன். தட்டின் முதல் பக்கத்துக்கு ‘40-த் சைட் நார்த்’, இரண்டாம் பக்கத்துக்கு ‘41-ஸ்ட் சைட் சவுத்’ என்று தெருக் கணக்கில் பெயர். முதல் பக்கத்தில் ‘லைஃப்ஸ் எ பிட்ச்’ கடைசியில் ஒரு கார்னெட் (டிரம்பெட் போன்ற சின்ன ஊதுவாத்தியம்) ஒலிக்கிறது. ஊதியவர் நாஸின் அப்பா ஓலு டாரா, ஜாஸ் கலைஞர். மகன் வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு கசப்பாகப் பாடி முடிக்க, அப்பா பதில் பேசாமல் மென்மையாக ஊதிவிட்டுப் போகிறார். இதே பாட்டின் முதல் பகுதியைப் பாடுகிற ஏ.ஸீ. தான் இந்த ஆல்பத்தின் ஒரே விருந்தாளி ராப்பர். நாஸையே தூக்கிச் சாப்பிடுகிற அளவுக்குப் பாடியிருக்கிறார். ‘தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்’ பாட்டுக்கு அதன் இசையமைப்பாளர் பீட் ராக் எடுத்துக்கொண்டது ஜாஸ் கலைஞர் அஹ்மத் ஜமாலின் பியானோ. மழை விட்ட பிறகு கேட்கவேண்டிய பாட்டு. ‘ஹாஃப்டைம்’ 1992-லேயே தனியாக வந்தது. சொல் விளையாட்டு ஏராளம், ஆனால் மற்றப் பாட்டுகளின் ஆழம் கிடையாது.

இரண்டாம் பக்கத்தின் உயிர் ‘ஒன் லவ்’. சிறையில் இருக்கும் நண்பர்களுக்கு எழுதுகிற கடிதமாகவே பாட்டு போகிறது. உனக்குப் பிள்ளை பிறந்திருக்கிறான், உன் வீட்டில் இப்படி, தெருவில் அப்படி என்று ஊர்ச் சேதி. கடைசிப் பகுதியில் கடிதத்தை விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்து, 12 வயதுப் பையன் ஒருவன் பக்கத்தில் உட்காருகிறார். அந்தப் பையன் பெரிய ஆள் மாதிரி பேசுகிறான். இவர் அவனுக்குச் சொல்கிற புத்தியிலும், சுடுவதாக இருந்தால் பாவம் அறியாதவர்கள் மேல் படாமல் பார்த்துக்கொள் என்ற தெரு நியாயம்தான் வருகிறது. நல்ல பிள்ளையாக இரு என்று சொல்லிவிட்டுப் போக அவரால் முடியவில்லை, அந்தத் தெருவில் அந்தப் பேச்சு எடுபடாது என்று அவருக்குத் தெரியும். எனக்கு இங்கே தொண்டை அடைத்துக்கொள்ளும். அறிவுரை சொல்லி முடிகிற பாட்டுகளைப் பிள்ளைகளுக்கு நானே எத்தனையோ கற்றுக்கொடுத்திருக்கிறேன். இது வேறு வகை நேர்மை.

இந்தப் பாட்டுக்கு இசை அமைத்தவர் கியூ-டிப். ஹீத் பிரதர்ஸ் என்ற ஜாஸ் குழுவின் பதிவை எடுத்தார். அதில் உலோகத் தகடுகளைக் கட்டைவிரலால் மீட்டுகிற உம்பிராவின் ஓசை வரும். ஜிம்பாப்வே பக்கத்து வாத்தியம். டர்பன் கடற்கரையில் அதை வாசித்துக் காசு சேர்ப்பவர்களைப் பார்க்கலாம். ஆப்பிரிக்க வாத்தியம் நியூயார்க் போய், ஜாஸில் கலந்து, சிறைக் கடிதத்துக்குப் பின்னணியாகி, சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டுக் கூடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் அந்தத் தகட்டின் சிலிர்ப்பு தனியாகத் தெரியும். தட்டுக்குக் கொடுத்த காசு இந்த இடத்திலேயே எனக்கு வந்துவிட்டது.

‘ஒன் டைம் ஃபார் யுவர் மைண்ட்’ சுமார்தான், பொழுதுபோக்கு. ‘ரெப்ரசென்ட்’ கூட்டாளிகளின் கூச்சல். அந்த வயதுப் பையன்கள் கூடினால் அப்படித்தான் இருக்கும், ஆனாலும் நான் அடிக்கடி போடுவதில்லை. கடைசியாக ‘இட் எய்ன்ட் ஹார்ட் டு டெல்’. மைக்கேல் ஜாக்சனின் ‘ஹ்யூமன் நேச்சர்’ துண்டு அதில் மிதந்து வரும்போது வீட்டில் யாராக இருந்தாலும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

குறை என்று நான் சொல்வது இரண்டு. பெண்களைப் பற்றிப் பேசுகிற சில வரிகள் எனக்குக் கொஞ்சமும் ஏற்பில்லை. இவ்வளவு கூர்மையாகத் தெருவைப் பார்த்தவர் கண்ணில் அம்மாக்களும் தங்கைகளும் ஓரமாகத்தான் படுகிறார்கள். கலைக்காக அதை மன்னித்துவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாவது, வசவு. பிள்ளைகள் நடமாடுகிற நேரத்தில் போட முடியாது. வகுப்பில் மோனை, எதுகை, இயைபு நடத்தும்போது பெரிய பையன்களுக்கு இதிலிருந்து ஓசையை மட்டும் தத்தகாரமாகத் தட்டிக் காட்டுவேன், பாட்டைப் போடமாட்டேன். தட்டினாலே யாருடைய பாட்டு என்று ஒன்றிரண்டு பேர் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2021-இல் இந்த ஆல்பத்தைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. சேர்க்காவிட்டாலும் என் கருத்து இதுதான்: ராப்பைக் கவிதையாகக் கேட்க விரும்புகிறவர், முக்கியமாகச் சந்தப்பாட்டு கேட்டுப் பழகிய தமிழ்க்காரர், முதலில் இதைத்தான் கேட்கவேண்டும். தட்டு வாங்க வசதியில்லை என்றால் இணையத்திலேயே கேளுங்கள், ஆனால் வரிசையைக் குலைக்காதீர்கள். பேருந்தில் டம் டம் என்று பேஸ் மட்டும் அதிரக் கேட்கிற பாட்டு இல்லை இது. ஒவ்வொரு சொல்லும் காதில் விழவேண்டும்.

இதற்கு அடுத்து என்ன வாங்கலாம் என்று கேட்பீர்கள். 1996-இல் வந்த ‘இட் வாஸ் ரிட்டன்’ பெரிய வெற்றி, நேராக முதலிடத்துக்குப் போன ஆல்பம். இசை செழிப்பாக இருக்கும், இந்த இறுக்கம் இருக்காது. ஆனால் அதில் ‘ஐ கேவ் யூ பவர்’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. துப்பாக்கியே தன் கதையைத் தன் வாயால் சொல்கிறது. அந்த ஒரு பாட்டுக்காக அதையும் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.