துபாய்ல கிளை போட்டுத் தரேன்னு வர்றவங்க நீட்டற பேப்பர்ல கண்ண மூடிக்கினு கையெழுத்து போடாதீங்க

எங்களுக்கு மேல்விஷாரத்துல ஒரு பிரியாணி கடை, சத்துவாச்சாரில ஒண்ணு. அத்தா ஆரம்பிச்சு 31 வருஷம் ஆகுது. துபாய் தேரா ஏரியால நம்ம ஊரு ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க, அங்க ஒரு கிளை போடணும்னு ரொம்ப நாள் ஆசை, அந்த ஆசைலதான் மாட்டினோம்.

மச்சான் மூலமா ஒரு கன்சல்டன்ட் வந்தாரு. "பாய், நீங்க பிரியாணி தேக்சாவ மட்டும் பாருங்க, மத்தத நான் பாத்துக்கறேன்"னு சொன்னாரு. எங்க வீட்ல உக்காந்து தால்ச்சா இன்னொரு கரண்டி கேட்டு வாங்கி சாப்ட்ட மனுஷன், எப்படி சந்தேகம் வரும்?

அங்க ஒரு லோக்கல் அரபி பேர்ல 51 சதவீதம் இருந்தாத்தான் லைசென்ஸ் கிடைக்கும்னு சொல்லி ஸ்பான்சர் ஃபீஸ்னு 6 லட்சம் வாங்கினாரு. அந்த சட்டம் 2021 ஜூன்லயே மாறிடுச்சுங்க, ஓட்டல் மாதிரி பெரும்பாலான தொழில இப்ப முழுசா நம்ம பேர்லயே வச்சுக்கலாம். ஷார்ஜால இருக்கற சாச்சா போன்ல திட்டினப்பதான் எங்களுக்கே தெரிஞ்சது, அதுக்குள்ள எட்டு மாசம் போயிடுச்சு.

அப்புறம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுன்னு 4 லட்சம். அத்தா கண்ணாடி போட்டுக்கினு ஒவ்வொரு பக்கமா பொறுமையா பாத்தாரு, அரிசி செலவு பக்கத்துல விரல வச்சு "நம்ம கடைக்கு பாஸ்மதி எப்ப வந்துச்சு?"ன்னு கேட்டாரு. சீரக சம்பான்ற வார்த்தையே அந்த ரிப்போர்ட்ல இல்ல. வேற யாருக்கோ போட்ட கணக்குல எங்க கடை பேர மட்டும் மாத்தி குடுத்திருக்காரு.

பணம் போனது கூட பரவால்ல, கடை பேர் போனதுதான் தாங்க முடியல. அங்க டிரேட்மார்க் எடுக்கறேன்னு கையெழுத்து வாங்கினவரு, ஓனர்ன்ற இடத்துல அவரு மச்சினன் பேர போட்டு பதிஞ்சிட்டாரு. நாம இந்தியாவுல பதிஞ்சது இந்தியாவுக்குள்ள மட்டும்தான் செல்லும்னு எங்களுக்கு அப்ப தெரியாது. ஒரே விண்ணப்பத்துல பல நாட்டுக்கு டிரேட்மார்க் கேக்கற மாட்ரிட் முறைன்னு ஒண்ணு இருக்கு, அதுல இந்தியா 2013ல சேந்துச்சு, ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 2021 டிசம்பர்ல சேந்துச்சு, அதனால நம்ம இந்திய பதிவ வச்சு இங்கிருந்தே அங்கயும் விண்ணப்பிக்கலாம், டிரேட்மார்க் வகுப்புல ஓட்டலுக்கு 43வது வகுப்பு. நடுவுல ஒரு ஆளே தேவையில்ல, நல்ல டிரேட்மார்க் வக்கீல் ஒருத்தர் போதும்.

இன்னொண்ணு, வெளிநாட்டு கடைல போடற முதலீடு பேங்க் வழியாத்தான் போகணும், ஃபார்ம் எஃப்சின்னு வெளிநாட்டு முதலீட்டுக்கான படிவம் கேப்பாங்க. இவரு பணத்த தன்னோட சொந்த அக்கவுண்ட்டுக்கே போட சொன்னாரு, அப்பவே உஷாராகி இருக்கணும். மத்ததையும் சேத்து மொத்தம் போன 14 லட்சத்துல 5 லட்சம் ரொக்கமா கையில குடுத்தோம், அதுக்கு ஒரு துண்டு சீட்டு கூட கிடையாது.

மாவட்டக் குற்றப்பிரிவுல புகார் குடுத்திருக்கோம். இதே ஆளு ஆற்காடு, வாணியம்பாடி பக்கமும் கடைக்காரங்கள பாத்துக்கினு இருக்காருன்னு கேள்விப்பட்டேன். ஏற்கனவே பணம் குடுத்தவங்க யாராச்சும் இருந்தா தயவு செஞ்சு மெசேஜ் பண்ணுங்க, சேந்து புகார் குடுத்தா கேஸ் வலுவா நிக்கும்னு வக்கீல் சொல்றாரு.