தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ: பிராசசர் மாற்றியதும் ஊளையிட ஆரம்பித்த கணினிக்கு

ஏஎம்டியின் ரைசன் 5 3600 பிராசசரைக் கழற்றிவிட்டு ரைசன் 7 5800எக்ஸ்3டி போட்டு, பழைய சின்னக் கூலரையே (பிராசசரின் சூட்டை இறக்கும் விசிறிக் கருவி) அதன் தலையில் மாட்டி, இப்போது சத்தம் தாங்காமல் இருப்பவர்கள் இந்தக் கூலரைத் தாராளமாக வாங்கலாம். சிங்கப்பூரின் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்கொயரில் அறுபது வெள்ளிக்குள் வாங்கினேன். அந்தக் காசுக்கு இவ்வளவு வேலை செய்யும் பொருள் அபூர்வம்.

ஆனால் காசை எடுப்பதற்கு முன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கேஸின் (கணினியின் வெளிக்கூடு) பக்கத் தகட்டைத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கும் விசிறியின் நடுக்குமிழில் (இறக்கையில் இல்லை!) விரலை மெல்ல வைத்து ஒரு நொடி நிறுத்தினால் தெரிந்துவிடும். கேஸ் விசிறி, கிராபிக்ஸ் கார்டு விசிறி, கூலர் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தேன், கூலரைத் தொட்டதும் அறை அமைதியானது. ஒயர் எதுவும் இறக்கையில் உரசவில்லை, திருகுகளும் இறுக்கமாகத்தான் இருந்தன. சரி, அப்படியென்றால் காரணம் சூடுதான். 3600 என்பது 65 வாட் சிப், 5800எக்ஸ்3டி 105 வாட், அதன் உச்ச வரம்பு 142 வாட். போதாததற்கு கேஷ் மெமரியை (சிப்புக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) மேலே அடுக்கியிருப்பதால் சூடு வெளியேறவும் தாமதமாகும். இதன் பெட்டியில் கூலரும் வராது.

தொடர்ந்து ஒரே சீராக வரும் சத்தத்தையாவது காது பழகிக்கொள்ளும், பிரவுசரில் ஒரு பக்கம் திறந்தால் உர்ரென்று ஏறி அடுத்த நொடி இறங்கும் சத்தம்தான் மனுஷனைக் கொல்கிறது. அதற்குக் காசு செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு: பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) விசிறி வேகத்துக்கான பக்கத்தில், சூடு ஏறியதும் சில நொடி பொறுத்து வேகம் கூட்டும்படி மாற்றி, 70 பாகை வரை விசிறி வேகத்தைக் காட்டும் வரைகோட்டைத் தட்டையாக வையுங்கள். எனக்கு ஏற்ற இறக்கம் பாதி குறைந்தது, ஆனால் கேம் ஆடினால் பழைய ஊளையேதான்.

இனி இந்தக் கூலர். ஆறு வெப்பக் குழாய்கள், இரண்டு கோபுரங்கள், இரண்டு 120 மில்லிமீட்டர் விசிறிகள். அவற்றின் உச்ச வேகமே நிமிடத்துக்கு 1550 சுற்றுதான் என்பதால், முழு வேகத்திலும் ஒரு மெல்லிய காற்றோசைக்கு மேல் போவதில்லை. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில், ஏர்கான் போடாத அறையில், சுவர் விசிறி ஓடினால் இது காதிலேயே விழாது. கேம் ஆடும்போது வெப்பம் எழுபதை ஒட்டி நிற்கிறது. வெளிநாட்டு விமர்சனங்களில் இதைவிடக் குறைவாகக் காட்டுவார்கள், அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், அவர்கள் அறை இருபது சொச்சம், நம் அறை முப்பது, அந்த வித்தியாசம் அப்படியே இங்கே ஏறும்.

மாட்டும்போது கவனம் வேண்டிய இடம் பழையதைக் கழற்றுவதுதான். ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரும் இந்த சிப்களில் பின்கள் சிப்பிலேயே இருக்கும், சிப்புக்கும் கூலருக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டு கூலரோடு சிப்பும் பிடுங்கிக்கொண்டு வந்தால் பின் வளைந்து மொத்தமும் போச்சு. கணினியைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, கூலரை இடவலமாக மெதுவாகத் திருகி அது வழுக்குவது கைக்குத் தெரிந்த பிறகே தூக்குங்கள். மதர்போர்டின் பின்தகட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புதியதும் அதில்தான் உட்காரும். நடு விசிறியைக் கழற்றினால்தான் திருகுக்கு வழி கிடைக்கும், நீளமான ஸ்குரூடிரைவர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூலரின் உயரம் 155 மில்லிமீட்டர், உங்கள் கேஸில் அதற்கு இடம் இருக்க வேண்டும். ரேம் உயரமானதாக இருந்தால் முன் விசிறியை மேலே ஏற்ற வேண்டிவரும், அப்போது உயரம் இன்னும் கூடும். கடைக்காரரும் முதலில் என் கேஸ் மாடலைத்தான் கேட்டார், அதைப் பார்த்த பிறகே பெட்டியை எடுத்தார். சின்ன கேஸ் வைத்திருப்பவர்களுக்கு இது சரிவராது, உயரம் குறைந்த கூலராகப் பாருங்கள்.