ஸ்னோமொபைல் சஸ்பென்ஷன்: ஸ்பிரிங்கை மாற்றுவதா, ஷாக்கை மாற்றுவதா?

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் ஹாலிபர்ட்டன், மஸ்கோகா பகுதிகளில் குரூமர் வண்டி இரவில் இழுத்துச் சமப்படுத்திய பனித்தடத்தில், ஸ்னோமொபைல் எனும் பனிவண்டியைக் காலையில் முதல் ஆளாக ஓட்டுவது பேரின்பம். வாரக்கடைசியின் கூட்டம் ஓடி முடித்த பிறகு, சனிக்கிழமை மாலையில் அதே தடம் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். வரிசையாக எழும் இந்த மேடுகளை மோகல் என்பார்கள். அவற்றின் மீது இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினால் இடுப்பு நிமிராது. முதுகு ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி வண்டியையே விற்றுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான வண்டிகளில் இந்த உலுக்கலைக் கணிசமாகக் குறைக்க முடியும் என்பதால்தான் அது எனக்கு இத்தனை வருத்தம் தருகிறது.

பணத்தை எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. எடையைத் தாங்கும் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றலாம். ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷாக்குகள் இருக்கிறதே, அவற்றைப் பிரித்து உள்வேலை செய்யலாம். காற்று ஷாக் வாங்கலாம், விலை உயர்ந்த சுருள் ஷாக் வாங்கலாம். பின்பக்க சஸ்பென்ஷனை முழுவதுமாகக் கழற்றி வேறொன்றை ஏற்றலாம். ஒப்பீட்டுக்கு நான் எடுத்துக்கொள்வது தடங்களில் அதிகம் காணப்படும் அமைப்பு: வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டையான டிராக் 137 அங்குலம், முன்னால் பனியில் வழுக்கும் ஸ்கீக்கு ஒன்றாக இரண்டு ஷாக்குகள், டிராக்குக்குள் அடங்கிய ஸ்கிட் எனும் சட்டகத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு ஷாக்குகள், பின்னால் ஒரு ஜோடி டார்ஷன் ஸ்பிரிங், அதாவது முறுக்கு ஸ்பிரிங்.

எதையும் வாங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘வண்டி முரடாக இருக்கிறது’ என்ற ஒரே புகாருக்கு நேரெதிரான இரண்டு காரணங்கள் உண்டு. சஸ்பென்ஷன் இறுகிக் கிடந்து நகராமல் இருந்தாலும் முதுகில் அடி விழும். அது மிகவும் தளர்ந்து, ஒவ்வொரு மேட்டிலும் அடிமட்டம் வரை போய் இடித்தாலும் அதே அடிதான். இரண்டாவது வகைக்காரர் ‘இறுக்கமாக இருக்கிறது’ என்று நினைத்து இன்னும் தளர்த்துவார், நிலைமை மேலும் மோசமாகும். எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு பிளாஸ்டிக் டை போதும். ஷாக்கின் மினுமினுக்கும் தண்டில், உடலை ஒட்டி அதைக் கட்டிவிட்டு வழக்கமான தடத்தில் ஓட்டுங்கள். ஷாக் எவ்வளவு தூரம் அமுங்கியதோ அவ்வளவு தூரம் அந்த டை தள்ளப்பட்டிருக்கும். தண்டின் கோடி வரை போயிருந்தால் உங்கள் வண்டி இடிக்கிறது. பாதியைக்கூடத் தாண்டவில்லை என்றால் கொடுத்த நீளத்தில் பாதியை நீங்கள் பயன்படுத்தவே இல்லை.

மலிவான வழியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலருக்கு அதுவே போதுமானது. தொழிற்சாலையில் பொருத்தப்படும் ஸ்பிரிங் சராசரி எடையுள்ள ஒருவரை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. குளிருடையும் ஹெல்மெட்டும் பூட்ஸும் சேர்த்து நீங்கள் 60 கிலோவாக இருக்கலாம், 120 கிலோவாகவும் இருக்கலாம். இருவருக்கும் ஒரே ஸ்பிரிங் எப்படிப் பொருந்தும்? இதைச் சரிபார்க்கும் முறையும் எளிது. பின் பம்பரைத் தூக்கி சஸ்பென்ஷனை முழுவதும் நீளவிட்டு, தரையிலிருந்து பம்பரின் உயரத்தை அளக்க வேண்டும். பிறகு முழு உடுப்போடு ஏறி உட்கார்ந்து, இரண்டு தடவை அமுக்கிவிட்டு, இன்னொருவரை மறுபடியும் அளக்கச் சொல்ல வேண்டும். வித்தியாசம் பொதுவாக 50 முதல் 75 மி.மீ. வரை இருப்பது நல்லது. அதைவிட அதிகமாகத் தாழ்ந்தால் டார்ஷன் ஸ்பிரிங்கின் நுனி உட்காரும் கட்டையை அடுத்த நிலைக்குத் திருப்பலாம். கடைசி நிலைக்குத் திருப்பிய பிறகும் தாழ்ந்தே இருந்தால் உங்களுக்கு வேண்டியது கனமான ஸ்பிரிங். எவ்வளவுதான் திருகினாலும் ஸ்பிரிங்கின் வலிமை மாறாது; வண்டி நிற்கும் உயரம் மட்டுமே மாறும். இந்த ஒரு விஷயம் புரியாமல் புதிய ஷாக்குக்குச் செலவு செய்தவர்கள் ஏராளம்.

அடுத்தது ஷாக்கின் உள்வேலை. என் கணக்கில், செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் அதிகப் பலன் தருவது இதுதான். ஷாக்குக்குள் எண்ணெய் இருக்கிறது. எண்ணெயோடு கலக்காதபடி பிரித்து வைத்த தனி அறையில் உயரழுத்த நைட்ரஜன் இருக்கிறது. மேட்டில் ஏறும்போது பிஸ்டன் எண்ணெயைத் துளைகள் வழியாகத் தள்ளுகிறது. அந்தத் துளைகளை மூடியிருக்கும் மெல்லிய எஃகு வட்டுகள் எவ்வளவு வளைகின்றன என்பதில்தான் ஓட்டத்தின் மென்மையும் முரட்டுத்தனமும் அடங்கியிருக்கின்றன. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய ஷாக்கில் எண்ணெய் கறுத்து, நீர்த்துப்போயிருக்கும், நைட்ரஜனும் கசிந்திருக்கும். ஸ்கிட்டுக்குள் முன்னால் இருக்கும் சின்ன ஷாக்தான் முதலில் களைத்துப்போகும். டிராக்கின் முன்பகுதியில் வரும் அடியை முதலில் வாங்குவதும் அதுவே, பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் விடுவதும் அதுவே. நல்ல பட்டறையில் கொடுத்தால் எண்ணெயையும் சீல்களையும் மாற்றும்போதே, உங்கள் எடைக்கும் வேகத்துக்கும் ஏற்ப அந்த வட்டுகளின் அடுக்கையும் மாற்றித் தருவார்கள். நான்கு ஷாக்குகளுக்கும் சேர்த்துச் சில நூறு டாலரில் முடியும் வேலை இது.

வேகம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்டாரியோவின் தடங்களில் வேக வரம்பு மணிக்கு 50 கி.மீ., க்யூபெக்கில் 70 கி.மீ. பந்தயப் பெயரும் வண்ணமும் தாங்கி வரும் உயர்விலை மாடல்களின் ஷாக்குகளோ, பெரிய குதிப்புகளிலிருந்து தரையிறங்குவதைத் தாங்கும்படி இறுக்கி வைக்கப்பட்டவை. அப்படிப்பட்ட வண்டியை வாங்கிக் குடும்பத்தோடு மிதமான வேகத்தில் உலாப் போகிறவருக்கு, காசு அதிகம் கொடுத்ததற்குக் கிடைப்பது அதிக வலி. பட்டறைக்காரர் கேட்டால் உங்கள் உண்மையான வேகத்தையும் உண்மையான எடையையும் சொல்லுங்கள். இரண்டிலும் மனிதர்கள் கூச்சப்படுகிறார்கள்.

எண்ணெய் திரும்பி வரும் வேகத்தையும் மறக்கக் கூடாது. அமுங்கிய ஷாக் மிக மெதுவாக நீண்டால், அடுத்த மேடு வருவதற்குள் அது முழுவதும் எழுந்திருக்காது. மூன்றாவது, நான்காவது மேட்டில் சஸ்பென்ஷன் தாழ்ந்தே கிடக்கும், பிறகு இடிக்கும். முதல் மேடு சுகமாகவும் ஐந்தாவது மேடு கொடுமையாகவும் இருந்தால் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும்.

இனி, காற்று ஷாக்கும் சுருள் ஷாக்கும். இந்த விவாதம் ஓயாது. ஃபாக்ஸ் ஃப்ளோட் போன்ற காற்று ஷாக்குகளில் எஃகுச் சுருளே இல்லை, அடைத்த காற்றுதான் ஸ்பிரிங். எடை குறைவு. கைப்பம்பு ஒன்றிருந்தால் எடைக்கேற்ப அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் கொள்ளலாம். அமுங்க அமுங்கக் காற்று இறுகிக்கொண்டே போவதால் அடிமட்டத்தில் இடிப்பதும் குறைவு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவல்ஸ்டோக் மலைகளில், இடுப்பளவு புதுப்பனியில் ஓட்டுகிறவர்கள் இவற்றை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு கிலோவும் கணக்கு, மோகலும் கிடையாது.

தடத்தில் கதை வேறு. 20 டிகிரி வெப்பமுள்ள கராஜில் 70 பி.எஸ்.ஐ. வைத்து அடைத்த காற்று, வெளியே மைனஸ் 25 டிகிரியில் ஏறக்குறைய 57 பி.எஸ்.ஐ. ஆகிவிடும். இது இயற்பியல், எந்த நிறுவனமும் மாற்ற முடியாது. ஓட ஓட ஷாக் சூடாகும்போது அழுத்தம் மறுபடியும் ஏறும். காலையில் ஒரு வண்டி, மதியம் ஒரு வண்டி என்று ஆகிவிடும். வண்டியை வெளியே நிறுத்தி நன்றாகக் குளிரவிட்ட பிறகு அழுத்தம் பார்த்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். இன்னொரு குறை அவ்வளவு எளிதில் தீராது. காற்றை அடக்கி வைக்க இறுக்கமான சீல்கள் தேவை. தண்டு நகரத் தொடங்கும் முன் அவற்றின் உராய்வை வென்றாக வேண்டும். பெரிய பள்ளங்களில் இது தெரியாது. அடுத்தடுத்து வரும் சின்னச் சின்ன நெளிவுகளில் ஹேண்டில்பாரில் நடுக்கமாகத் தெரியும்.

சுருள் ஷாக் குளிருக்கு அசைவதில்லை. காலை எட்டு மணிக்கு எப்படியோ, மாலை நாலு மணிக்கும் அப்படியே. சின்ன நெளிவுகளை விழுங்குவதில் இதற்கு இணை கிடையாது. எடை கூடும் என்பது உண்மை. தட ஓட்டத்தில் அது பொருட்டில்லை. ஃபாக்ஸ், வாக்கர் எவன்ஸ், க்யூபெக்கின் எல்கா ஆகிய நிறுவனங்களின் மேல்நிலை ஷாக்குகளில் இறுக்கத்தைக் கையால் மாற்றும் வசதி உண்டு. ஃபாக்ஸின் க்யூஎஸ்3-ல் மூன்றே நிலைகள், கையுறையைக் கழற்றாமலே திருப்பலாம். இருபது கிளிக்குகள் கொண்ட ஷாக்கைவிட இதுவே எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் உறைபனியில் ஓரமாக நிறுத்தி கிளிக் எண்ணுகிறவர்கள் அதிகம் பேர் இல்லை. விலைதான் இடிக்கிறது, நான்கும் வாங்கினால் ஆயிரங்களில் போகும். இரண்டுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஸ்கிட்டின் இரண்டையும் முதலில் மாற்றுங்கள். உங்கள் உடல் எடை அதன் மேல்தான் இருக்கிறது. ஸ்கீ ஷாக்குகள் கைக்கும் வளைவுக்கும் சுகம் தரும், முதுகுக்குத் தருவது குறைவு.

முழு ஸ்கிட்டையும் மாற்றுவது ஒரு காலத்தில் பெரிய விஷயமாக இருந்தது. ஜெரார்ட் கார்பிக் வடிவமைத்த எம்-10 ஸ்கிட், அடிமட்டத்தில் இடிக்காமல் மோகலைத் தாண்டுவதற்குப் பெயர் பெற்றது. ஸ்னோமொபைல் தயாரிக்கும் போலாரிஸ் நிறுவனமே தன் சில மாடல்களில் அதை வைத்து விற்றது. இன்றைய வண்டிகளின் ஸ்கிட்டே நன்றாக இருப்பதால் இதற்குத் தேவை குறைந்துவிட்டது. 121 அங்குல டிராக்கை 137 ஆக நீட்டுவது வேறு வகை மாற்றம். நீளமான டிராக் ஒரு பள்ளத்துக்குள் இறங்காமல் இரண்டு மேடுகளின் முகட்டை இணைத்துக்கொண்டு போகும். பலன் உறுதி. ஆனால் டிராக், அது ஓடும் ரெயில், கூலி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், அந்த நீளத்தோடே வந்த பழைய வண்டியை வாங்குவது பல நேரங்களில் மலிவாக முடியும்.

பழைய வண்டி என்றதும் ஓர் எல்லைக்கோட்டைச் சொல்ல வேண்டும். 2003 மாடலாக வந்த ஸ்கீ-டூ ரெவ், ஓட்டுநரின் இருக்கையை முன்னால் கொண்டுவந்து வண்டியின் நடுவுக்கு நெருக்கமாக வைத்தது. மற்ற நிறுவனங்களும் மெல்ல மெல்ல அந்தப் பாதைக்கே வந்தன. அதற்கு முந்தைய வடிவங்களில் நீங்கள் பின் ஷாக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். பின்பகுதி எகிறும் ஒவ்வொரு தடவையும் அதோடு சேர்ந்து எகிறுவீர்கள். அந்தக் காலத்து வண்டிக்கு விலை உயர்ந்த ஷாக் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எண்ணெய் மாற்றி, ஸ்பிரிங்கைச் சரிசெய்து, மிச்சப் பணத்தைப் புதிய வண்டிக்குச் சேர்த்து வைப்பதே புத்திசாலித்தனம். ஸ்கீ-டூ 2022 மாடல்களில் கொண்டுவந்த ஸ்மார்ட்-ஷாக்ஸ், போலாரிஸின் டைனமிக்ஸ் போன்ற மின்னணு ஏற்பாடுகள் தடத்தை உணர்ந்து தாமாகவே இறுக்கத்தை மாற்றிக்கொள்கின்றன. சென்சார்களும் கணினியும் வண்டியோடு பின்னிப் பிணைந்தவை என்பதால் அவற்றைப் பழைய வண்டியில் ஏற்ற நினைக்க வேண்டாம்.

ஸ்கிட்டின் அச்சுகளில் கிரீஸ் இல்லாமல் துருப்பிடித்திருந்தால், மேலே சொன்ன எந்த ஷாக்கும் வேலை செய்யாது. கிரீஸ் துப்பாக்கியால் ஒவ்வொரு முனையிலும் பழைய அழுக்கு வெளியே பிதுங்கும் வரை அடியுங்கள். ஏதாவது ஒரு முனையில் கிரீஸ் இறங்க மறுத்தால் அந்த அச்சைக் கழற்றிப் பாருங்கள்.

ஷாக்குகளைப் பட்டறைக்கு அனுப்ப உகந்த மாதம் ஏப்ரல். நவம்பரில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். முதல் பனி விழுந்து தடம் திறக்கும்போது உங்கள் வண்டி ஷாக் இல்லாமல் கராஜில் கிடக்கும்.