திருத்தந்தையின் சொல்லா, நம் சொந்தத் தீர்ப்பா?

புதுச்சேரி மிஷன் வீதி சம்பா கோவிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் எனக்கும் பெரியப்பாவுக்கும் இதே பேச்சுதான். கையில் ஓரம் பழுத்த லத்தீன் பூசைப் புத்தகம். "1570-ல் திருத்தந்தை 5-ம் பயஸ் என்றைக்கும் செல்லும் என்று கொடுத்த லத்தீன் பூசையை 2021-ல் திருத்தந்தை பிரான்சிஸ் எப்படிப்பா கட்டுப்படுத்தலாம்?" என்பார்.

இப்படிப் பழைய பூசை மரபைப் பிடித்து நிற்பவர்களில் ஒரு சாரார், 1988-ல் அந்த மரபுக்காக நின்ற பிரெஞ்சுப் பேராயர் லெஃபெவ்ர் ரோமின் அனுமதி இல்லாமல் நான்கு ஆயர்களைத் திருநிலைப்படுத்தியது சரி என்கிறார்கள். திருத்தந்தை விசுவாசத்துக்குக் காவலர், சொந்தக்காரர் அல்ல என்பது அவர்கள் வாதம். அது உண்மைதான்; 1870-ல் உலக ஆயர்கள் கூடிய முதல் வத்திக்கான் சங்கமே புதுக் கோட்பாடு உண்டாக்க அவருக்கு வரம் இல்லை என்றது. ஆனால் எது மரபு என்று கடைசியில் யார் தீர்மானிப்பது? நானேதான் என்றால், ரோமோடு முறித்துக்கொண்ட மார்ட்டின் லூத்தரிடம் நாம் கண்ட குறை என்ன?

அடுத்தது கீழ்ப்படிதல். அதே சங்கம் விசுவாசத்தில் மட்டுமல்ல, ஒழுங்கிலும் ஆட்சியிலும் அதைக் கேட்கிறது. சுலபமே இல்லை. 1704-ல் இதே புதுச்சேரியில் ரோமின் தூதர் தூர்னோன் மலபார் சடங்குகளுக்கு, அதாவது இயேசு சபைக் குருக்கள் இங்கே கிறிஸ்தவர்களுக்கு அனுமதித்திருந்த உள்ளூர் வழக்கங்களுக்கு, தடை போட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலியும் அதில் அடக்கம். இயேசு சபையார் பல வருடம் முறையிட்டார்கள். 1744-ல் திருத்தந்தை 14-ம் பெனடிக்ட் முடிவாகச் சொன்னதும் பணிந்தார்கள். எனக்கு இந்த வழிதான் சரி: விடாமல் முறையிடலாம், பிரிந்து போகக் கூடாது.

பெரியப்பா இன்னும் ஒப்பவில்லை. ஆனாலும் ஞாயிறு தவறாமல் சம்பா கோவிலுக்குத்தான் வருகிறார்.