ஆன்கி: எம்கேட்டுக்கும் ஜிஆர்இக்கும் எதுவரை கைகொடுக்கும்?

மறக்கப்போகிற நேரம் பார்த்து ஒரு கார்டை மறுபடி கண்முன் நிறுத்துவது ஆன்கி என்கிற ஃபிளாஷ்கார்டு செயலியின் வேலை. அந்த ஒன்றைக் கச்சிதமாகச் செய்கிறது. எம்கேட் (அமெரிக்க மருத்துவப் படிப்பு நுழைவுத்தேர்வு), ஜிஆர்இ (மேற்படிப்பு நுழைவுத்தேர்வு) மார்க் ஏறவில்லை என்று இதைத் திட்டுகிறவர்களில் பாதிப்பேர் இதனால் ஆகாத வேலையை இதனிடம் கேட்டவர்கள். மீதிப்பேர் ஹார்ட் பட்டனைத் தப்பாக அழுத்தியவர்கள்.

பட்டன் விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம். விடை வரவே இல்லையென்றால் அகெய்ன், தடுமாறி வந்தால் ஹார்ட். பலருக்கு அகெய்ன் அழுத்த மனசு வராது. மறந்துபோன கார்டுக்கும் ஹார்ட் போட்டுவிடுவார்கள். ஆன்கி கணக்கில் ஹார்ட் என்றாலும் பாஸ்தான். தெரியாத கார்டு சில நாள் தள்ளிப் போய்விடும். 2023 கடைசியில் சேர்ந்த எஃப்எஸ்ஆர்எஸ் என்கிற இடைவெளிக் கணக்கு முறையில் சேதம் இன்னும் பெரிசு. அது உங்கள் பழைய பதில்களை வைத்து இடைவெளியைக் கணிப்பதால், இந்தப் பொய் மற்ற கார்டுகளின் தேதியையும் கெடுக்கும். மற்றபடி எஃப்எஸ்ஆர்எஸ் நல்ல முறை. டெக் (கார்டுக் கட்டு) ஆப்ஷன்ஸில் ஆன் செய்து, மாதம் ஒருமுறை ஆப்டிமைஸ் கொடுத்தால் போதும். டிசையர்டு ரிடென்ஷனை (எத்தனை பங்கு நினைவில் நிற்க வேண்டும் என்ற அளவு) 0.90-லேயே விடுங்கள். 0.95 ஆக்கினால் ரிவ்யூ, அதாவது திரும்பப் பார்க்கவேண்டிய கார்டுகள், மலைபோல் குவியும்.

நிறுவியதும் இருக்கும் அளவு நாளுக்கு 20 புது கார்டு, 200 ரிவ்யூ. சில வாரங்களில் அந்த 20 தினசரி 200 ரிவ்யூ வரை இழுத்துக்கொண்டு வரும். கார்டுக்கு 8 வினாடி என்றாலும் அரை மணி நேரம் போச்சு. பரீட்சைக்கு 90 நாள் இருந்து, கடைசி இரண்டு வாரம் புதுசு எதுவும் சேர்க்காவிட்டால், மொத்தம் 1,520 கார்டுதான் முடியும். 5,000 கார்டுள்ள டெக்கை இறக்கிக்கொண்டு உட்காருகிறவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்ப்பதில்லை. ரெடிமேட் டெக்தான் வேண்டும் என்றால், பிரவுஸ் திரையில் எல்லாக் கார்டையும் தேர்ந்து கன்ட்ரோல் ஜே அழுத்தி சஸ்பெண்ட் செய்யுங்கள். அன்றன்று படித்து முடித்த பாடத்தின் கார்டுகளை மட்டும் விடுவியுங்கள். படிக்காத பாடத்தின் கார்டு வெறும் சத்தமாகத்தான் மண்டையில் ஏறும்.

சொந்தமாக எழுதினால், ஒரு கார்டுக்கு ஒரு விஷயம். 'கிளைக்காலிசிஸை (செல் குளுக்கோஸை உடைக்கும் முறை) விளக்கு' என்பது கார்டே அல்ல. அதிலுள்ள ஒரு நொதியைப் பற்றி 'பாஸ்போஃப்ரக்டோகைனேஸ்-1ஐத் தடுப்பவை ஏடிபி, சிட்ரேட்' என்று எழுதி, கடைசி இரண்டு சொல்லையும் குளோஸ் (கோடிட்ட இடம்) போட்டு மறையுங்கள். அதைத் தூண்டுகிற ஏஎம்பிக்குத் தனிக் கார்டு. எட்டு முறை மறந்த கார்டை ஆன்கியே லீச் என்று குறித்துவைக்கும். அதை அப்படியே விடாமல் உடைத்து எழுதுங்கள். பெரும்பாலும் தப்பு கார்டின் வாசகத்தில்தான் இருக்கும்.

கணக்குக்கு வந்தால் ஆன்கி சறுக்குகிறது. எம்கேட்டில் கால்குலேட்டர் கிடையாது. அதனால் 'கேஏ 3 × 10⁻⁵ என்றால் பிகேஏ எவ்வளவு' என்று ஒரு கார்டு போடுகிறீர்கள் (கேஏ அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண், பிகேஏ அதன் எதிர்மறை லாக்). 5-ல் லாக் 3, அதாவது 0.48, போனால் 4.52. மூன்றாம் தடவை கார்டைப் பார்த்ததும் வாய் 4.5 என்று சொல்லிவிடும், மனம் கழித்தலைப் போட்டிருக்காது. லாக் 2, லாக் 3 மதிப்புகளுக்கு மட்டும் கார்டு போதும். கணக்கைத் தாளில் புதுப்புது எண்களோடு போடுங்கள்.

எம்கேட்டின் வாசிப்புப் பகுதியான கார்ஸுக்கு ஆன்கி துளியும் உதவாது. 9 பத்தி, 53 கேள்வி, 90 நிமிடம். விடைக்கு வேண்டியதெல்லாம் பத்திக்குள்ளேயே இருக்கும், மனப்பாடத்துக்கு அங்கே வேலையில்லை. சட்டப் படிப்பு நுழைவுத்தேர்வான எல்சாட்டும் இதே கதை. 2024 ஆகஸ்ட்டோடு லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதி போனபின் மிச்சமிருப்பது தர்க்கமும் வாசிப்பும்தான்.

ஜிஆர்இ சொற்களுக்கு நன்றாகவே உதவும். ஆனால் சொல்லும் பொருளும் மட்டும் எழுதினால் வீண். 'சாங்ஷன்' அனுமதியையும் குறிக்கும், தண்டனையையும் குறிக்கும்; ஆகவே வாக்கியத்தோடு இரண்டு கார்டு. சென்டென்ஸ் ஈக்விவலன்ஸ் என்ற கேள்வி வகையில் ஆறு விடைகளில் ஒத்த பொருள் தரும் இரண்டைத் தேர வேண்டியிருப்பதால், 'லக்கானிக்' கார்டின் பின்பக்கத்தில் 'டாசிடர்ன்' கட்டாயம் இருக்கட்டும்.

கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனுக்கு ஒருமுறை காசு கட்டவேண்டும். இதே பெயரை ஒட்டி மாதச்சந்தா கேட்கும் போலிகள் ஸ்டோரில் உண்டு, டெவலப்பர் பெயரைப் பார்த்து இறக்குங்கள். போனிலும் கணினியிலும் மாற்றிமாற்றிப் படிக்கிறவர்கள் ஒவ்வொரு முறை மூடும்போதும் சிங்க் (இரண்டையும் ஒத்திசைப்பது) கொடுக்க வேண்டும். அப்லோடா டவுன்லோடா என்று கேட்டு ஒரு பெட்டி வந்தால் அவசரப்படாதீர்கள். தப்பான பக்கத்தை அழுத்தினால் புதிய ரிவ்யூக்கள் பழைய பிரதியால் அழிந்துபோகும். அப்படி ஆகிவிட்டால், கணினியில் ஸ்விட்ச் புரொஃபைல் போய் ஓப்பன் பேக்கப் கொடுத்தால் தானாகச் சேமித்த பிரதி ஒன்று கிடைக்கும்.