3.42-லிருந்து 4.10-க்கு: பிக்கப்பில் கிரவுன் பினியன் மாற்றியது பற்றிய மதிப்பீடு

என்னுடைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பில் 31 அங்குல டயர்களைக் கழற்றிவிட்டு 33 அங்குல டயர்களைப் போட்ட நாளிலிருந்தே வண்டியின் இழுவை குறைந்துவிட்டது. டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு மேடு ஏறினால், நான்கு கியர் கொண்ட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். பெரிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் உருளுவதால், 3.42 என்ற ஆக்சில் விகிதம் (சக்கரம் ஒரு முறை சுழல, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுழல வேண்டும் என்ற கணக்கு) நடைமுறையில் 3.21 போலாகிவிடுகிறது என்பதே இதற்குக் காரணம். முன், பின் ஆக்சில்கள் இரண்டிலும் இந்த விகிதத்தைத் தீர்மானிக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனை 4.10-க்கு மாற்றி, டிரெய்லருடனும் டிரெய்லர் இல்லாமலும் போதிய அளவு ஓட்டிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

மாற்றலாமா என்பதைவிட, 3.73 போடுவதா 4.10 போடுவதா என்ற கேள்விதான் என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. மணிக்குக் கிலோமீட்டரில் உள்ள வேகத்தை ஆக்சில் விகிதத்தாலும் 209-ஆலும் பெருக்கி, அங்குலத்தில் எடுத்த டயரின் விட்டத்தால் வகுத்து, அதை மேல் கியரின் விகிதத்தால் பெருக்கினால் நிமிடத்துக்கான எஞ்சின் சுழற்சி தோராயமாகக் கிடைத்துவிடும். என் வண்டியின் மேல் கியர் 0.70. மணிக்கு 100 கிலோமீட்டரில் பழைய டயருடன் ஏறக்குறைய 1,610 ஆக இருந்த சுழற்சி, புதிய டயரில் 1,515-க்கு இறங்கியிருந்தது, 3.73 போட்டால் 1,650, 4.10 போட்டால் 1,815. இழந்ததை மீட்க மட்டுமென்றால் 3.73 தாராளமாகப் போதும். ஆனால் என் ஓட்டத்தில் பாதிக்கு மேல் டிரெய்லருடன்தான் என்பதால் 4.10-ஐத் தேர்ந்தெடுத்தேன், அந்த முடிவு சரியானதே. முன்பு மூன்றாவது கியருக்கு இறங்கித் திணறிய மேடுகளில் பலவற்றை இப்போது வண்டி நான்கிலேயே ஏறிவிடுகிறது. டிரெய்லர் இல்லாத நீண்ட நெடுஞ்சாலைப் பயணத்தில் எரிபொருள் சற்றுக் கூடுதலாகச் செலவாவதும் உண்மை.

பொருளின் தரத்தில் எனக்குக் குறையில்லை. குறை, பொருத்திய விதத்தில் இருந்தது. முதலில் வேலை செய்த பட்டறையிலிருந்து வண்டியை எடுத்து வந்த அன்றே, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்புறமிருந்து மெல்லிய ஊளைச் சத்தம் கேட்டது. ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார்கள், சரியாகவில்லை. வேறொரு மெக்கானிக் பின் மூடியைத் திறந்து, கிரவுன் வீலின் பற்களில் மஞ்சள் பசையைத் தடவி, கையால் சுற்றிக் காட்டினார். பசை அழிந்த தடம் பல்லின் நடுவில் இல்லாமல் உச்சியோரமாக விழுந்திருந்தது. பினியன் போதிய ஆழத்தில் உட்காரவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். அவர் பினியனைக் கழற்றி, தடிமனான ஷிம் (ஆழத்தைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) வைத்து, பேரிங் இறுக்கத்தையும் பற்களுக்கிடையேயான சிறு இடைவெளியையும் (பிளே) மறுபடி அளந்து பொருத்திய பிறகு சத்தம் அறவே நின்றது. மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு கூட இங்கே பெரிய வித்தியாசம் என்பதால், தடத்தைக் காட்டாமல் வண்டியை ஒப்படைக்கும் பட்டறையிலிருந்து வண்டியை எடுக்காதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். புதிய பற்கள் ஒன்றோடொன்று படியும் வரை பொறுமையும் வேண்டும்: முதல் ஓட்டத்தைச் சிறிது தூரத்தோடு நிறுத்தி ஆக்சிலை ஆறவிட்டேன், 800 கிலோமீட்டர் வரை டிரெய்லரைப் பூட்டவில்லை, அதன் பிறகு கியர் ஆயிலையும் மாற்றினேன்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. பழைய பினியனில் 12 பல், புதியதில் 10. கிரவுன் வீலில் இரண்டுக்குமே 41. பினியன் சிறுத்துவிடுவதால், சில ஆக்சில்களில் கிரவுன் வீலைத் தாங்கும் டிஃபரன்ஷியல் கேரியரையும் சேர்த்தே மாற்ற நேரிடும். டேனா 44 என்ற ஆக்சில் வகையில் 3.73 வரை ஒரு கேரியர், 3.92 முதல் வேறொன்று. ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் பின் ஆக்சிலை மட்டும் மாற்றிச் செலவை மிச்சப்படுத்த நினைப்பது ஆபத்து. விகிதங்கள் பொருந்தாவிட்டால், பிடிப்புள்ள தரையில் நான்கு சக்கரமும் இயங்கும்போது, முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறி உடையக்கூடும்.

பத்து கியர் கொண்ட புதிய பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையை நான் அவ்வளவு எளிதில் பரிந்துரைக்க மாட்டேன். என் கியர்பாக்ஸின் முதல் கியர் 3.06; 4.10-உடன் பெருக்கினாலும் மொத்த விகிதம் 12.5 தான் வருகிறது. ஃபோர்டின் பத்து கியர் கொண்ட 10ஆர்80 கியர்பாக்ஸில் முதல் கியரே ஏறக்குறைய 4.70 என்பதால், 3.55 ஆக்சிலுடனேயே 16.7 கிடைத்துவிடுகிறது.

வேகமானியைத் திருத்தவும் மறக்க வேண்டாம். என் வண்டியில் வேக சென்சார் கியர்பாக்ஸின் பின்முனையில் இருப்பதால், திருத்தும் வரை உண்மையான 100-க்கு முள் 113-ஐக் காட்டியது. கியர் மாறும் நேரமும் அந்தக் கணக்கையே நம்பித் தப்பாக இருந்தது. கம்ப்யூட்டரில் புதிய விகிதத்தையும் டயர் அளவையும் பதிந்த பிறகே 4.10-இன் முழுப் பலனும் தெரிந்தது.